இடது பக்கத்து பிரேக்

திண்டுக்கல்லில் இன்றைக்கு ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அருள்நாதன் மாஸ்டரிடம் ஓட்டப் பழகியவர்கள். மீதிப் பேர், அவரிடம் பழகியவர்கள் வந்து இடித்ததில் பழகியவர்கள். ஊருக்குள் ஒரு கார் சுவரோரமாகப் பம்மிப் பம்மிப் போய், குறுக்கே ஒரு கோழி வந்ததும் நின்று, அந்தக் கோழி வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுபடி கிளம்புகிறது என்றால் அது மாஸ்டரின் கைவேலை. விசாரிக்கவே வேண்டாம்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். நாலு ஏக்கர் வாழையும் நாற்பது பங்காளிகளும் உள்ள குடும்பம். ஆளுக்கு ஒரு வாழை மரம்தான் பங்கில் வரும் என்று தெரிந்ததும் டவுனுக்கு வந்து ஒரு டாக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தார். டாக்டரின் மனைவிக்குக் கார் பழக ஆசை வந்தது. பழகிய மூன்றாம் நாள் அந்த அம்மா காரை நேராக டாக்டரின் மருந்துக்கடைக்குள் விடப் போனார். பக்கத்தில் இருந்த அருள்நாதன் கை பிரேக்கை இழுத்த இழுப்பில் கார் கடை வாசற்படியில் மூக்கை வைத்து நின்றுவிட்டது. ஒரு இருமல் டானிக் பாட்டில்கூட உடையவில்லை. அன்றைக்கே டாக்டர் சொன்னார், "அருளு, நீ ஓட்டுறதுக்குப் பொறந்தவன் இல்ல. நிப்பாட்டுறதுக்குப் பொறந்தவன்."

அதுதான் முதலீடு. ஒரு வெள்ளைக் கார், தலையில் எல் போர்டு, அருள் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பமாகிவிட்டது.

டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்திருப்பீர்கள். பழகுகிறவர் வலது சீட்டில், மாஸ்டர் இடது சீட்டில். இடது பக்கத்துத் தரையில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆக்சிலேட்டர் இருக்காது. வண்டி ஓடுகிற கவலை பழகுகிறவருக்கு, நிற்கிற கவலை மாஸ்டருக்கு. கால் நூற்றாண்டாக அருள்நாதன் அந்த இடது சீட்டில் உட்கார்ந்து, வலது காலால் பிரேக்கை அமுக்கி அமுக்கி, அந்தக் கால் மட்டும் இடது காலைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. பேன்ட் தைக்கிறவர் இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவெடுப்பார்.

பழக்கம் வண்டியோடு நிற்கவில்லை. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரரின் பையை மிதித்துவிடுவார். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தில், "மனுக்குலம் நரகத்தை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது" என்றால், மாஸ்டரின் கால் தன்னால் தரையை அமுக்கும். அந்த ஒரு பெஞ்சுக்குக் கீழே மட்டும் தரை ஓடு தேய்ந்து கிடக்கிறது. மகள் அனிஷா டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் கழித்துப் பிறந்ததற்கும் இதே காரணத்தைத்தான் சொன்னான் மச்சினன் பிரிட்டோ. "மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அமுக்கிக்கிட்டே இருந்தா புள்ள எப்டி வெளிய வரும்?"

வேகம் என்றால் மாஸ்டருக்கு முப்பது. நாற்பது என்றால் அவருக்குக் காது அடைக்கும்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்ததுதான் வேடிக்கை. வந்த காரணமும் வேடிக்கைதான். அவரிடம் பழகிய அத்தனை பேரும், லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே, ரோட்டில் அவரை முந்துவார்கள். முந்தும்போது ஹாரன் அடித்து, "வாரேன் மாஸ்டர்!" என்று கையாட்டுவார்கள். மாஸ்டர் கையைத் தூக்குவதற்குள் தூசிதான் இருக்கும். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் பழனி ரோட்டில், கான்வென்ட் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வயதான ஒரு கன்னியாஸ்திரி அவரை முந்திப் போனார். சும்மா போகவில்லை. "தோத்திரம் மாஸ்டர்!" என்று ஒரு கையால் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்ததே மாஸ்டர்தான். அன்றைக்கு எட்டு போடச் சொன்னால் ஜெபமாலை மணிக் கணக்குக்கு ஐம்பத்து மூன்று வளையம் போட்டவர்.

அன்று மாலை மாஸ்டர் பேகம்பூருக்குப் போய், பழைய கார் வாங்கி விற்கும் ஃபயாஸ் பாயின் முன்னால் உட்கார்ந்தார்.

"பாய், எனக்கு ஒரு வண்டி வேணும். வேகமா போற வண்டி."

ஃபயாஸ் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்கு மாஸ்டர்?"

"எனக்குத்தான்."

"அதைக் கேக்கல. யாரு ஓட்டப் போறது?"

சிவப்புக் கார் வந்தது. கொடைக்கானலில் ஒரு பங்களாக்காரர் மகன் வைத்திருந்தது. இரண்டே கதவு, உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. வாசலில் நிறுத்தியபோது தெருநாய் அதைக் குனிந்து பார்த்தது. பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பங்குக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்தப் பழத்தின்மேல் ஏறுவதற்கே கார் செத்த நேரம் யோசித்தது.

முதல் பயணம் ஆத்தூருக்கு. நாற்பது பங்காளிகளும் பார்க்க வேண்டாமா? ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. அரசாங்கம் போட்டதல்ல, ஊர்க்காரர்களே கல்லும் மண்ணும் கொட்டிப் போட்டது. சின்னச் சிறுமலை மாதிரி இருக்கும். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறவே இல்லை. சிவப்புக் கார் நடுவயிற்றை மேட்டில் வைத்து, கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பாகப்பிரிவினைக்கு அப்புறம் ஒரு காரியத்திலும் ஒன்றுசேராத நாற்பது பங்காளிகளும் அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்து தூக்கினார்கள். "ஏலே அருளு, காரை நீ வெச்சிருக்கியா, இல்ல கார் உன்னைய வெச்சிருக்கா?" என்று பெரிய பங்காளி பெரியகருப்பன் கேட்டார். கதவு மேட்டில் முட்டிக்கொண்டிருந்ததால் மாஸ்டரால் வெளியே வரக்கூட முடியவில்லை.

அவர் முடிவு செய்துவிட்டார். தப்பு காரில் இருக்கிறது.

மறுபடி ஃபயாஸ் பாய். சிவப்பைக் கொடுத்து நீலத்தை எடுத்தார். மேலே எவ்வளவு போட்டார் என்பது அவர் மனைவி ரீனாவுக்கே தெரியாது, அதனால் நமக்கும் வேண்டாம்.

"கோயம்புத்தூர்ல ரேஸ் ஓடுன வண்டி மாஸ்டர்," என்றார் பாய். "இத வெச்சிருந்த பையன் கல்யாணம் முடிச்சுட்டான். அவன் மாமனார் வந்து, ஒண்ணு பொண்ணு, இல்ல வண்டின்னு நின்னாரு. பாதி வேலை பாத்திருக்கான், மீதி வேலை நீங்க பாத்துக்கணும். இன்ஷா அல்லா, இதுல வேலை பாத்தீங்கன்னா பழனிக்குக் கெளம்பறப்பவே பழனியில இருப்பீங்க."

மீதி வேலை நத்தம் ரோட்டில் ஆண்டனிராஜின் ஷெட்டில் தொடங்கியது. ஆண்டனிராஜ் மெக்கானிக், மாஸ்டரிடம் கார் பழகியவன். பார்ட்ஸ் கைக்குக் கிடைத்தால் தையல் மெஷினுக்குக்கூட கியர் வைத்துவிடுவான். முதலில் காரை உயரம் தூக்கினான், எல்லாம் அந்த ஆத்தூர் வேகத்தடையை மனதில் வைத்துத்தான். உள்ளே ரேஸ்காரன் வைத்திருந்த இரும்புக் கம்பிக் கூண்டில் மாஸ்டரின் தலை இடித்தது. கூண்டு வெளியே போய், ஷெட்டில் கோழி அடைக்க உதவியது. சைலன்ஸரை மாற்றினான். புதுச் சைலன்ஸரின் சத்தத்தில் நத்தம் ரோட்டில் இரண்டு மாடு கன்று போட்டதாகச் சொல்கிறார்கள். பின்னால் அகலமாக ஒரு றெக்கை வைத்தான்.

"இது எதுக்குப்பா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வேகமா போறப்ப வண்டி பறந்துறாம அமுக்கிப் பிடிக்கும் மாஸ்டர்."

அமுக்கிப் பிடிக்கும் என்றதும் மாஸ்டருக்கு அந்த றெக்கையின் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

ரீனா வந்து பார்த்தாள். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை எடுத்து வந்து டவுனில் வீடு வீடாக விற்பது அவள் தொழில். மூட்டையை ஸ்கூட்டியின் காலடியில் வைத்து, அதன்மேல் கால் வைத்து, சர்க்கஸ் மாதிரி ஓட்டி வருவாள். அவள் காரைச் சுற்றி வந்து, டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது. பின் சீட்டைத் தேடினாள். இல்லை. கடைசியில் றெக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு படி மோர் மொளகா காயப்போடலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளோட்டத்துக்கு ஆண்டனிராஜ்தான் ஓட்டினான். மாஸ்டர் பழக்கதோஷத்தில் இடது சீட்டில் ஏறினார். ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் ஆண்டனிராஜ் ஒரு மிதி மிதித்தான். மாஸ்டரின் வலது கால் பிரேக்கைத் தேடியது. அங்கே பிரேக் இல்லை. மாஸ்டர் போட்ட சத்தத்தில் புதுச் சைலன்ஸரின் சத்தமே கேட்கவில்லை.

"நிப்பாட்டு! நிப்பாட்டுலே!"

நின்றது. மாஸ்டருக்கு வேர்த்து ஊற்றியது. குனிந்து, கால் தேடிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "ஆண்டனி, இந்தப் பக்கம் ஒரு பிரேக் வெச்சுரு," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். எனக்கு."

"மாஸ்டர், இது ரேஸ் வண்டி. ஒலகத்துலயே ரேஸ் வண்டிக்கு ரெண்டு பிரேக் வெச்ச ஆளு நானாத்தான் இருப்பேன். வெளிய தெரிஞ்சா எனக்கு யாரும் வேலை குடுக்க மாட்டான்."

"வெளிய தெரியாது, வைய்யி."

"நீங்கதான ஓட்டப் போறீங்க? வலது பக்கம் இருக்குற பிரேக் பத்தாதா?"

மாஸ்டர் இறங்கி, வலது பக்கம் போய் உட்கார்ந்தார். உள்ளதைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். சாவியைத் திருப்பி, கியர் போட்டு, கிளட்சை விட்டார். கார் ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே இருந்தது.

"ஆக்சிலேட்டரை அமுக்குங்க மாஸ்டர்."

"அமுக்கிக்கிட்டுத்தான இருக்கேன்."

"அது பிரேக்கு."

மாஸ்டர் காலை எடுத்து, பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. ரொம்பத் தூரத்தில், அடுத்த ஊரில் வருகிற மாதிரி. கால் தன்னால் தாவி பிரேக்குக்கு வந்துவிட்டது. மறுபடி வைத்தார். ஒரு காக்கா தாழப் பறந்தது. கால் வந்துவிட்டது. கால் நூற்றாண்டாக ஆக்சிலேட்டர் பக்கமே போகாத கால் அது, டாக்டர் வீட்டு டிரைவராக இருந்தபோது தெரிந்ததெல்லாம் அதற்கு மறந்தே போயிருந்தது. சிவப்புக் காரில் ஆத்தூர் வரைக்கும் அவர் போனதே வெறும் கிளட்சை விட்டு ஊர்ந்துதான். திண்டுக்கல்லுக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு இப்போது ஓட்ட வராது.

ஆண்டனிராஜ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாஸ்டருக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், இடது பக்கம் ஒரு பிரேக் வைத்துக் கொடுத்துவிட்டான்.

நீலக் கார் வீட்டுக்கு வந்து போர்டிகோவில் நின்றது. நின்றது என்றால், நின்றது. தினம் சாயங்காலம் மாஸ்டர் அதைத் துடைப்பார். ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் உறுமவிடுவார். இடது சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். மழை பெய்தால் ரீனாவின் ஸ்கூட்டியும் சுங்குடி மூட்டையும் வெளியே நனைந்தன. இரண்டு மாதம் பார்த்தாள் ரீனா.

ஒரு நாள் பிரிட்டோ வந்திருந்தான். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றி வரும் பூ வேன் அவனுடையது. மொட்டு விரிவதற்குள் மார்க்கெட்டில் இருக்க வேண்டிய சரக்கு, அதனால் அவன் ஓட்டுகிற ஓட்டில் பூ வாடாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான் வாடுவான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"மச்சான், உங்க ரேஸ் வண்டி எப்டி ஓடுது?"

"நல்லா ஓடுது மாப்ளே."

"டயர்ல எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்கே. ஓடுறப்பவே கட்டுச்சோ? அப்ப அந்தப் பூச்சிக்குத்தான் கப்பு குடுக்கணும்."

"மொதல்ல சோத்தைத் தின்னு."

"அக்கா, தொட்டுக்க என்ன வெஞ்சனம்? மச்சான் காரு மாதிரி ஆறிப்போயிருக்கு."

ரீனா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் மாஸ்டர் சமாளித்திருப்பார். ஆனால் நிதானமாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை காலப் பூசை முடிஞ்சதும் அந்த வண்டி நாலு வழி ரோட்டுல போகணும். கொடைரோடு வாரதுக்குள்ள நூறு தொடணும். உள்ள நீங்க இருக்கணும். ரோட்டோர போர்டுலயே நூறுதான் போட்டிருக்கான், அதுக்கு மேல வேணாம். தொட்டுச்சுன்னா வண்டி இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். தொடலன்னா திங்கக்கிழமை அது ஃபயாஸ் பாய் வாசல்ல நிக்கணும். மூட்டை ஏத்துற மாதிரி ஒரு வண்டி எனக்கு வேணும்."

"நான் சாட்சி," என்றான் பிரிட்டோ, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "பூவை எறக்கிட்டு உங்க பின்னாடியே வாரேன்."

சனிக்கிழமை வரைக்கும் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டனிராஜைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவனுக்குக் கீரனூரில் கல்யாணம், சொந்தத் தங்கச்சி கல்யாணம். பழைய மாணவர்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டால், 'நீங்க ஓட்டலையா மாஸ்டர்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஊரில் பதில் பரவினால் அப்புறம் எல் போர்டைக் கழற்றிவிட்டு ஆத்தூருக்கே போய் அந்த ஒற்றை வாழை மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான். காரையும் விட முடியாது. துடைக்கத் துடைக்க அதன் நீலம் அவருக்குள் இறங்கியிருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு மரம் வேகமாகப் பின்னால் போவதைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். மாஸ்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போர்டிகோவில் நின்றார். ரீனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"நீங்க உங்க எடத்துல உக்காருங்க."

"உனக்கு... எப்டித் தெரியும்?"

"இம்புட்டு வருசமா உங்க காலோடதான குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?"

ரீனாவுக்கு லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் மாஸ்டரே பழக்கி, மாஸ்டரே எடுத்துக்கொடுத்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அவள் காரை ஓட்டினாள். வீட்டிலிருந்து பேகம்பூர் போவதற்குள், பக்கத்தில் இருந்தவர் பிரேக்கை அமுக்கிய தடவைகளில், அவள் நெற்றியும் ஸ்டீயரிங்கும் ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டன. நடுரோட்டில் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனவள்தான்.

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெதுவாகப் போய், நாலு வழிச் சாலையில் ஏறியது. பின்னால் பிரிட்டோவின் வேன், காலிக் கூடைகளோடு, மல்லிகை வாசத்தோடு.

ரீனா மிதித்தாள். நாற்பது. மாஸ்டருக்குக் காது அடைத்தது. எழுபது. தூரத்தில் ஒரு லாரி. மாஸ்டரின் கால் அமுக்கியது. நாற்பதுக்கு வந்தது. மறுபடி மிதித்தாள். எழுபது, எழுபத்தைந்து. நடுவிலிருந்த அரளிச் செடிக்கு அந்தப் பக்கம், எதிர் ரோட்டில், ஓர் ஆடு. அமுக்கினார். மறுபடி. ஒரு மேகத்தின் நிழல் ரோட்டைக் கடந்தது. அமுக்கினார். ஒரு போஸ்டரில் யாரோ கையைத் தூக்கி நின்றார். 'நில்' என்று சொல்வதாகவே கால் எடுத்துக்கொண்டது.

"காலை எடுங்க."

"எடுத்துட்டேன் ரீனா."

"அப்ப வண்டி ஏன் நிக்குது?"

போன் அடித்தது. பிரிட்டோ. ரீனா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அக்கா, முன்னாடி போறது காரா, கிறிஸ்மஸுக்குக் கட்டுற சீரியல் செட்டா? செவப்பு லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. எனக்குக் கண்ணே கூசுது!"

சின்னாளப்பட்டி தாண்டிவிட்டது. அம்பாத்துரை பக்கத்தில் ரோட்டோரம் பன்னீர் திராட்சை விற்கிற கடைகள். கொடைரோடுக்கு இன்னும் கொஞ்சதூரம்தான். ரீனா இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக ஒரு திராட்சைக் கடை முன்னால் நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"எதுக்கு?"

"எறங்குங்கன்னேன்."

மாஸ்டர் இறங்கினார். இறங்கி, கதவைச் சரியாகச் சாத்தினோமா என்று பார்ப்பதற்குள் கார் போய்விட்டது. கடைக்காரம்மா சிவனம்மாள், குடையின் கீழே உட்கார்ந்து திராட்சைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏம்ப்பா, பொண்டாட்டி எறக்கி விட்டுட்டுப் போயிருச்சா?"

"வந்துரும்மா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாய்ங்க. போன மாசம் ஒருத்தன் இதே எடத்துல நின்னான். ரெண்டு கிலோ தின்னான். இந்தா, நீயும் தின்னு."

மாஸ்டர் திராட்சையை வாங்கவில்லை. அவர் காது நீலக் காரின் சத்தத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. சத்தம் தேய்ந்தது. பிறகு எங்கேயோ திரும்பியது. எதிர் ரோட்டில் அது வளர்ந்து வந்தது. அரளிச் செடிகளுக்கு அந்தப் பக்கம், கொடைக்கானல் மலையைப் பின்னால் வைத்து, நீலமாக ஒன்று வந்தது, வந்ததும் போய்விட்டது. தண்ணீரில் கத்தியை இழுத்த மாதிரி. ஒரு தடவைகூடச் சிவப்பு லைட் எரியவில்லை. பழகுகிறவர்கள் ஓட்டித்தான் அவர் பார்த்திருக்கிறார், அதுவும் உள்ளேயிருந்து. தான் சொல்லிக்கொடுத்த ஒரு கை, தான் இல்லாமல் எப்படி ஓட்டும் என்று நின்று பார்த்ததே இல்லை. முந்திப் போன எல்லோரும் தூசியாகத்தான் அவருக்குத் தெரிந்திருந்தார்கள்.

"எம்புட்டு அழகா ஓட்டுது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிரிட்டோ வேனை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றிருந்தான். அவன் கார் போன திசையைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தான்.

"மச்சான், அங்க என்னத்த அமுக்குறீங்க?"

மாஸ்டரும் குனிந்து பார்த்தார். அவருடைய வலது செருப்புக்குக் கீழே சிவனம்மாளின் திராட்சைக் கூடை ஒன்று பாதி மண்ணுக்குள் போயிருந்தது.

"அய்யோ, ஏ அப்பு! காலா அது, உலக்கையா?" என்று சிவனம்மாள் கூடையைப் பிடுங்கினாள். உள்ளே கூழாகிவிட்டது. பிரிட்டோ அந்தக் கூடையை அப்படியே விலைக்கு எடுத்துக்கொண்டான். பங்குச்சாமியாரிடம் கொடுத்தால் பூசைக்குத் திராட்சை ரசம் ஆகும் என்றான்.

சுற்றி வந்து கார் மறுபடி கடைமுன் நின்றது. ரீனா முகம் முழுக்கக் காற்று வாங்கி, பத்து வயது குறைந்து இருந்தாள். முடி எல்லாம் கலைந்து கிடந்தது.

"தொண்ணூத்தஞ்சு போனேன்," என்றாள். "அப்புறம் காலை எடுத்துட்டேன். மிச்சம் அஞ்சை உங்களுக்கு வெச்சிருக்கேன். ஏறுங்க. கொடைரோடுக்கு இன்னும் ரோடு இருக்கு."

மாஸ்டர் கதவைத் திறந்தார். இடது பக்கத்துத் தரையில், ஆண்டனிராஜ் வைத்துக்கொடுத்த பிரேக் பளபளவென்று அவரையே பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். அதைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் கீரனூரில் தாலி கட்டுகிற இடத்தில் இருக்கிறது. காலைக் கழற்றலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை.

செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பிறகு சீட்டில் ஏறி, இரண்டு காலையும் மேலே தூக்கி, சம்மணம் போட்டார். ரேஸ்காரனுக்குச் செய்த சீட் அது, உரல் மாதிரி குழிவானது, ஒல்லி இடுப்புக்குத்தான் அளவு. அதற்குள் மாஸ்டரின் தொப்பையும், ஒன்று பெருத்ததும் ஒன்று சிறுத்ததுமான இரண்டு கால்களும் மடிந்து இறங்க, பிரிட்டோ வெளியிலிருந்து முட்டியைப் பிடித்துத் திணிக்க வேண்டியிருந்தது. ஒரு முட்டி கதவில், இன்னொன்று கியர் கம்பியில்.

"என்ன இது, பந்தியில உக்காந்த மாதிரி?" என்றாள் ரீனா.

"நீ கெளம்பு."

"வலிக்கும்."

"கெளம்புன்னேன்."

கிளம்பினாள். எழுபதில் ஒரு லாரி வந்தது. மாஸ்டரின் வலது தொடை மீன் மாதிரி துள்ளியது. கீழே போக வழியில்லை. இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எண்பது. லாரி பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று. அவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. தொண்ணூறு. புளிய மரம் ஒன்று வந்தது. அது போவதைப் பார்க்கத் திரும்பினார். அதற்குள் அடுத்த மரமும் போய்விட்டது. தொண்ணூற்றைந்தில் ரீனா ஒரு தடவை அவரைப் பார்த்தாள்.

"ரோட்டைப் பாரு," என்றார் மாஸ்டர்.

முள் நூறைத் தொட்டது. ரீனா அதை அங்கேயே பிடித்து நிறுத்தினாள். பின்னால் பிரிட்டோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. மாஸ்டருக்கு வாய் திறந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று ரீனா காத்திருந்தாள்.

"சைடு கண்ணாடி பாத்துட்டுத்தான லேன் மாறுன?"

"பாத்தேங்க."

"சரி. அப்ப இன்னும் செத்த நேரம் இப்டியே போ."

கொடைரோட்டில் ஓரமாக நிறுத்தினார்கள். பிரிட்டோ ஓடி வந்து கதவைத் திறந்து, கையில் எடுத்து வந்திருந்த மாஸ்டரின் செருப்பைக் கீழே போட்டான். "எறங்குங்க மச்சான், வண்டி உங்களுக்குத்தான். நானே சாட்சி."

மாஸ்டர் இறங்கவில்லை. இரண்டு காலும் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தன. ரீனா ஒரு பக்கமும் பிரிட்டோ ஒரு பக்கமுமாக, முடிச்சு அவிழ்க்கிற மாதிரி, காலைப் பிரிக்கப் போனார்கள்.

"காலு இருக்கா இல்லையான்னே தெரியல மாப்ளே," என்றார் மாஸ்டர்.

"நீவி விடவா மச்சான்?"

"வேணாம். செத்த நேரம் இப்டியே விடு. நல்லாத்தான் இருக்கு."